கேட் ஸ்கேல் எடை மேடை: இரண்டாவது சீட்டுக்குத்தான் பெறுமதி

ஒன்ராறியோவிலிருந்து அமெரிக்காவுக்குப் பாரவூர்தி ஓட்டும் எனக்கு ஒரு பழக்கம் உண்டு. 40,000 இறாத்தலுக்கு மேற்பட்ட சரக்கை எந்தக் கிடங்கில் ஏற்றினாலும், நெடுஞ்சாலையில் நெடுந்தூரம் போவதற்கு முன்னர் அருகிலுள்ள கேட் ஸ்கேல் (CAT Scale) நிறுவனத்தின் எடை மேடையில் வண்டியை ஒரு தடவை நிறுத்திப் பார்த்துவிட்டுத்தான் பயணத்தைத் தொடர்வேன். புதிதாக இத்தொழிலுக்கு வரும் நம்மவர்கள் இந்தச் சேவையைப் பற்றி அடிக்கடி கேட்பதாலும், மேடையில் ஏறி எடைச் சீட்டு எடுப்பதோடு வேலை முடிந்துவிட்டதாகப் பலர் எண்ணிக்கொள்வதாலும், நான் அறிந்தவற்றைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். இந்தச் சேவையின் உண்மையான பயன் முதலாவது எடையில் இல்லை. டிரெய்லரின் பின் ஆக்சில்களை (சக்கர அச்சுகளை) நகர்த்திய பின்பு எடுக்கும் இரண்டாவது எடையில்தான் இருக்கிறது என்பதே என் முடிவு.

முன் ஆக்சில், டிரக்கின் பின் ஆக்சில்கள், டிரெய்லர் ஆக்சில்கள் ஆகியவற்றின் எடையைக் காட்டும் மூன்று எண்களைத் தெரிந்துகொள்ள எதற்காகப் பணம் கொடுக்க வேண்டும் என்பதிலிருந்து தொடங்குகிறேன். அமெரிக்க நடுவண் சட்டப்படி, மாநிலங்களை இணைக்கும் இன்டர்ஸ்டேட் நெடுஞ்சாலைகளில் ஐந்து ஆக்சில் கொண்ட வழமையான பாரவூர்தி ஒன்றின் மொத்த எடை 80,000 இறாத்தலைத் தாண்டக் கூடாது. மொத்தம் மட்டும் சரியாக இருந்தால் போதாது. டிரக்கின், அதாவது டிரெய்லரை இழுக்கும் முன் வண்டியின், பின்புறம் உள்ள இரட்டை ஆக்சில் 34,000 இறாத்தலுக்குள்ளும், டிரெய்லரின் அடியில் உள்ள இரட்டை ஆக்சில் 34,000 இறாத்தலுக்குள்ளும் தனித்தனியே நிற்க வேண்டும். முன் ஆக்சில் பெரும்பாலான டிரக்குகளில் 12,000 இறாத்தலை ஒட்டிய தாங்குதிறனுடன் வருகிறது. மூன்றையும் கூட்டினால் சரியாக 80,000 வருகிறது. அதாவது, மொத்த எடை எல்லையை நெருங்க நெருங்க, ஒவ்வோர் ஆக்சில் தொகுதியிலும் தவறுக்கான இடம் சுருங்கிக்கொண்டே போகிறது. மொத்தம் 79,000 இருந்தும் டிரக்கின் பின் ஆக்சிலில் மட்டும் 35,500 ஏறியிருந்தால், மாநிலத்தின் எடை நிலையத்தில் அபராதச் சீட்டும், பாரத்தைச் சரிசெய்யும்வரை வண்டியை அசைக்காதே என்ற உத்தரவும் கிடைக்கக்கூடும்.

கிடங்குகளில் இருக்கும் எடை மேடைகள் பல, மொத்த எடையை மட்டுமே சொல்கின்றன. பாரம் எங்கே குந்தியிருக்கிறது என்பதை அவை சொல்வதில்லை. கேட் ஸ்கேல் மேடை தனித்தனிப் பலகைகளாகப் பிரிக்கப்பட்டிருப்பதால், முன் ஆக்சில் ஒன்றிலும், டிரக்கின் பின் ஆக்சில்கள் இன்னொன்றிலும், டிரெய்லர் ஆக்சில்கள் மற்றொன்றிலும் நிற்க, ஒரே நிறுத்தத்தில் மூன்று எடைகளும் மொத்தமும் கிடைத்துவிடுகின்றன. முன்னும் பின்னும் நகர்த்தி, கூட்டிக் கழித்து மண்டையை உடைக்கத் தேவையில்லை.

பெயரைக் கேட்டு மஞ்சள் நிற மண்வெட்டி இயந்திரங்களைச் செய்யும் கேட்டர்பில்லர் நிறுவனத்தோடு இதைக் குழப்பிக்கொள்வோர் உண்டு. சான்றளிக்கப்பட்ட தானியங்கி டிரக் எடை என்னும் பொருள் தரும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளே இந்தப் பெயர். அயோவா மாநிலத்தின் வால்காட் என்ற சிற்றூரில், இன்டர்ஸ்டேட் 80இன் ஓரத்தில் இருக்கும் 'அயோவா 80' டிரக் ஸ்டாப்பை வளர்த்த பில் மூன் 1977இல் இதைத் தொடங்கினார். ஓரிடத்தில் சரியென்று சொன்ன வண்டியை இன்னோரிடத்தில் பிழையென்று பிடிக்கும் நிலைமை அப்போது ஓட்டுநர்களின் பெரிய தலைவலியாக இருந்தது. இன்று 2,000க்கும் மேற்பட்ட இடங்களில், கனடாவிலும் சேர்த்து, இந்த மேடைகள் இருக்கின்றன.

நிறுவனம் கொடுக்கும் உத்தரவாதம் குறிப்பிடத் தக்கது. அவர்களுடைய மேடையில் சட்டத்துக்குட்பட்டதாகக் காட்டிய வண்டிக்கு மாநில எடை நிலையத்தில் அதிக எடைக்கான அபராதம் விதிக்கப்பட்டால், அவர்கள் தங்கள் மேடையை உடனே பரிசோதிப்பார்கள். மேடை பிழையாக இருந்தால் அபராதத்தைத் திருப்பித் தருவார்கள். மேடை சரியாக இருந்தால் நிறுவனத்தின் பிரதிநிதி ஒருவர் ஓட்டுநருக்காக நீதிமன்றத்தில் சாட்சியாக வருவார். எனக்கு இதுவரை இதைப் பயன்படுத்த நேர்ந்ததில்லை. ஆனால், தன் தராசுக்காக நீதிமன்றப் படியேறத் தயார் என்று ஒரு வணிகர் சொன்னால், அந்தத் தராசு அடிக்கடி சரிபார்க்கப்படுகிறது என்பதை அதிலிருந்தே விளங்கிக்கொள்ளலாம். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: சீட்டு எடுத்த பின்பு டீசல் நிரப்பினாலோ ஆக்சிலை நகர்த்தினாலோ, அந்தச் சீட்டு இப்போதைய வண்டியைப் பற்றியதல்ல.

எடை எடுக்கும் முறை இரண்டு. பழைய முறையில், மேடையில் சரியாக நின்றதும் ஓட்டுநர் இருக்கையின் உயரத்துக்கு அமைந்த கம்பத்திலுள்ள பொத்தானை அழுத்தி, முதல் எடையா மறு எடையா என்பதையும் வண்டி இலக்கத்தையும் சொல்லி, பிறகு மேடையை விட்டிறங்கி, வண்டியை ஓர் ஓரத்தில் நிறுத்தி, டீசல் கருமபீடத்தில் பணம் கட்டிக் காகிதச் சீட்டைப் பெற வேண்டும். புதிய முறை, அவர்களுடைய கைப்பேசிச் செயலி. 'வே மை டிரக்' என்ற அந்தச் செயலியில் வண்டியின் விவரங்களையும் கட்டண அட்டையையும் ஒரு தடவை பதிந்துவிட்டால், மேடையில் நின்றபடியே திரையில் எடையைப் பார்க்கலாம். சீட்டின் பிரதி மின்னஞ்சலுக்கும் வந்துவிடும். வேண்டுமானால் நிறுவனத்தின் அலுவலகத்துக்கும் அது போகும். பனி கொட்டும் இரவில், இறங்கி நடக்காமல் இருக்கையிலிருந்தே அந்த மூன்று எண்களைப் பார்க்க முடிவது சாதாரண வசதியல்ல. அதைவிடவும் பெரிய நன்மை, முதலாவது எடைக்கும் இரண்டாவது எடைக்கும் இடையில் நேரம் வீணாகாததே. ஆக்சிலை நகர்த்திவிட்டு உடனே வரிசைக்குத் திரும்பிவிடலாம்.

கட்டணத்தைப் பொறுத்தவரை, முதலாவது எடைக்கு டிரக் ஸ்டாப்பில் ஒரு வேளைச் சாப்பாட்டுக்குக் கொடுக்கும் அளவு போகிறது. அதே மேடையில் 24 மணி நேரத்துக்குள் அதே வண்டியை மறுபடி நிறுத்தினால், அதில் ஒரு சிறு பங்குதான் வாங்குகிறார்கள். இந்த மறு எடைக் கட்டணம்தான் இந்தச் சேவையில் மிகவும் மலிவான பொருளும் மிகவும் பெறுமதியான பொருளும். ஏன் என்பதைச் சொல்ல, அண்மையில் ஒஹாயோவில் ஏற்றிய ஒரு சரக்கின் கதையைச் சொல்லியாக வேண்டும்.

அது போத்தலில் அடைத்த பானங்கள். கிடங்கின் பெயர் இங்கே தேவையில்லை. 53 அடி டிரெய்லரில் கனமான சரக்குத் தட்டுகளையெல்லாம் மூக்குப் பக்கமாக நெருக்கி அடுக்கிவிட்டு, கதவுப் பக்கம் ஏறத்தாழ நான்கு அடியை வெறுமையாக விட்டுவிட்டார்கள். பெரும்பாலான கிடங்குகளில் ஏற்றும்போது டிரெய்லர் ஆக்சில்களைக் கடைசிவரை பின்னுக்குத் தள்ளி வைக்கச் சொல்வார்கள். தூக்கு வண்டி உள்ளே ஏறும்போது டிரெய்லரின் வால் தாழாமல் இருப்பதற்கான பாதுகாப்பு அது. அதில் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் ஆக்சில் பின்னுக்கும் பாரம் முன்னுக்கும் இருந்தால் என்ன நடக்கும் என்பதை மேடையில் ஏறுவதற்கு முன்னரே ஊகித்திருந்தேன். சீட்டில் முன் ஆக்சில் 11,620, டிரக்கின் பின் ஆக்சில்கள் 35,280, டிரெய்லர் ஆக்சில்கள் 31,780, மொத்தம் 78,680 இறாத்தல் என்று வந்தது. மொத்தம் சரி. டிரெய்லர் சரி. நடுவில் இருப்பது மட்டும் 1,280 இறாத்தல் அதிகம்.

இந்த இடத்தில்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். எந்தப் பக்கம் நகர்த்துவது? ஊரில் ஒரு தடியின் நடுவில் பானையைத் தொங்கவிட்டு இருவர் தோளில் சுமந்து போவதை நினைத்துப் பாருங்கள். பானைக்கு அருகில் நிற்பவரின் தோள்தான் அதிகமாக நோகும். பின்னால் இருப்பவர் பானையை நோக்கி ஓர் எட்டு முன்னே வைத்தால், அவர் தோளில் பாரம் கூடும். முன்னால் இருப்பவருக்கு இலேசாகும். டிரெய்லரின் கிங்பின்னை (டிரெய்லரை டிரக்கோடு இணைக்கும் முளையை) சுமக்கும் டிரக் முன்னால் நிற்பவர். டிரெய்லரின் இரட்டை ஆக்சில் பின்னால் நிற்பவர். டிரக்கில் பாரம் அதிகமென்றால் டிரெய்லர் ஆக்சிலை முன்னுக்கு, அதாவது டிரக்கை நோக்கிக் கொண்டுவர வேண்டும். டிரெய்லரில் பாரம் அதிகமென்றால் பின்னுக்கு அனுப்ப வேண்டும். இவ்வளவுதான் சூத்திரம். இதை மனனம் செய்யத் தேவையில்லை. பானையை நினைத்தாலே போதும்.

எவ்வளவு நகர்த்துவது என்பதற்கு ஓட்டுநர்களிடையே ஒரு கைக்கணக்கு உண்டு. டிரெய்லரின் அடியில், ஆக்சில் தொகுதி சறுக்கிச் செல்லும் தண்டவாளத்தில் வரிசையாகத் துளைகள் இருக்கும். துளைகளுக்கு இடையே 4 அங்குலம் இருந்தால் ஒரு துளைக்கு ஏறத்தாழ 250 இறாத்தலும், 6 அங்குலம் இருந்தால் ஏறத்தாழ 400 இறாத்தலும் இடம் மாறும் என்பார்கள். இந்தக் கணக்கு வானத்திலிருந்து விழுந்ததல்ல. ஆக்சில்கள் சுமக்கும் எடையைக் கிங்பின்னிலிருந்து ஆக்சில் வரையுள்ள தூரத்தால் வகுத்தால், ஓர் அடிக்கு எத்தனை இறாத்தல் இடம் மாறும் என்பது கிட்டத்தட்டக் கிடைத்துவிடும். 32,000 இறாத்தலை 40 அடியால் வகுத்தால் அடிக்கு 800. அரை அடிக்கு 400. ஆனால் ஆக்சில்கள், சக்கரங்கள், அவற்றைத் தாங்கும் சட்டம் ஆகியவற்றின் சொந்த எடையும் அந்த 32,000க்குள் அடக்கம். அந்த எடை எங்கே நகர்த்தினாலும் ஆக்சில்மீதே இருக்கும்; டிரக்குக்கு மாறப் போவதில்லை. ஆகவே உண்மையில் மாறுவது கைக்கணக்கைவிடக் கொஞ்சம் குறைவாகவே இருக்கும்.

என்னுடைய டிரெய்லரில் துளைகள் 6 அங்குல இடைவெளியில் இருந்தன. 1,280 இறாத்தலை 400ஆல் வகுத்தால் மூன்றுக்கும் சற்று மேல். எனவே நான்கு துளைகள் என்று முடிவு செய்தேன். மேடையிலேயே நின்றுகொண்டு நகர்த்தக் கூடாது. பின்னால் வரிசையில் நிற்பவர்களின் சாபம் ஒருபுறமிருக்க, மேடையின் பலகைகளும் அதற்காக அமைக்கப்பட்டவையல்ல. ஓரமாகச் சமதரையில் நேராக நிறுத்தி, முதலில் டிரெய்லரின் நிறுத்து பிரேக்கைப் போடச் சிவப்புக் குமிழை வெளியே இழுத்தேன். அப்போது டிரெய்லர் சக்கரங்கள் பூட்டப்பட்டுவிடும். இறங்கிச் சென்று, ஆக்சில் தொகுதியின் ஓட்டுநர் பக்கத்திலுள்ள நெம்புகோலை இழுத்து அதன் பள்ளத்தில் மாட்டினேன். நான்கு பூட்டுப் பின்களும் துளைகளிலிருந்து உள்ளே இழுபட வேண்டும்.

இழுபட்டதா என்று குனிந்து பார்க்காமல் இருக்கைக்குத் திரும்புவோரின் மாலைப் பொழுதுகள் நீளமானவை. அன்றைக்கும் மூன்று பின்கள் உள்ளே போயிருந்தன, நான்காவது அசையவில்லை. இத்தகைய நேரத்தில் கம்பியை எடுத்து நெம்புவதும், சுத்தியலால் அடிப்பதும், நெம்புகோலைக் காலால் உதைப்பதும் அன்றாடக் காட்சிகள். பூட்டுப் பின் இறுகியிருப்பதற்குத் துரு ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் பெரும்பாலும் காரணம் வேறு: வண்டி நின்ற விதத்தில், டிரெய்லர் பெட்டி ஆக்சில் தொகுதியை முன்னுக்கோ பின்னுக்கோ தள்ளிக்கொண்டிருக்கிறது, துளையின் விளிம்பு பின்னைக் கடித்துப் பிடித்துக்கொண்டிருக்கிறது. கடிக்கும் பல்லைத் திறக்காமல் விரலை இழுத்தால் வலிதான் மிச்சம். நெம்புகோலை மாட்டிய நிலையிலேயே விட்டுவிட்டு, இருக்கைக்குப் போய், டிரெய்லர் பிரேக் போட்டபடியே, டிரக்கின் மஞ்சள் குமிழை மட்டும் உள்ளே தள்ளி, மிக மெதுவாக ஓர் அங்குலம் முன்னும் ஓர் அங்குலம் பின்னும் அசைத்தால், சுருளின் இழுப்பில் பின் தானாகவே 'டக்' என்று உள்ளே போகும். அன்றைக்கும் இரண்டாவது அசைவிலேயே போய்விட்டது. காற்றழுத்தத்தால் பூட்டுப் பின்னை இழுக்கும் அமைப்புள்ள டிரெய்லர்களில் நெம்புகோலுக்குப் பதில் ஒரு குமிழை இழுத்தால் போதும். அவற்றிலும் துளை கடிக்கும்போது இதே மருந்துதான்.

பிறகு நகர்த்தல். டிரெய்லர் சக்கரங்கள் தரையில் பூட்டியிருப்பதால், டிரக்கைப் பின்னோக்கி ஓட்டினால் பெட்டி ஆக்சிலுக்கு மேலாகப் பின்னுக்குச் சறுக்கும். அதாவது, ஆக்சில் பெட்டிக்கு முன்புறமாக வரும். முன்னோக்கி ஓட்டினால் ஆக்சில் பின்னுக்குப் போகும். தனியாக இருக்கும் ஓட்டுநருக்கு எத்தனை துளை நகர்ந்தது என்று தெரியாதென்பது ஒரு தொல்லை. நான் ஒரு சோக்கட்டியால் தண்டவாளத்தில் விரும்பிய துளைக்கு அருகே கோடு போட்டுவிட்டு, நான்கு துளைக்கு 24 அங்குலம் என்று கணக்கிட்டு, டிரக்கின் முன் சக்கரத்துக்குப் பின்னால் இரண்டடி தள்ளி ஒரு வெறும் தண்ணீர்ப் போத்தலைத் தரையில் வைத்துக்கொள்வேன். சக்கரம் போத்தலை நெருங்கும்போது நிறுத்தி, இறங்கிப் பார்த்தால் பெரும்பாலும் ஓர் அங்குலம் இரண்டு அங்குலத்துக்குள் வந்திருக்கும். தண்டவாளத்தின் குறுக்கே போடும் தடுப்புக் கம்பி இருக்கும் டிரெய்லர்களில் அதையே வேண்டிய துளைக்கு மாற்றிப் போட்டால் வேலை இன்னும் சுலபம். அந்தக் கம்பியைத் திரும்பவும் அதன் இடத்தில் பூட்டாமல் புறப்படுவோரையும் கண்டிருக்கிறேன்.

கடைசியாக, நெம்புகோலை விடுவித்து, மெல்ல அசைத்து, நான்கு பின்களும் துளைகளின் வழியாக முழுமையாக வெளியே வந்துவிட்டனவா என்று வண்டியின் இரு பக்கமும் நடந்து பார்த்தேன். அதன் பிறகு டிரெய்லர் பிரேக் போட்டபடியே ஒரு தடவை முன்னுக்கு இழுத்துப் பரிசோதித்தேன். பின்கள் பூட்டாத நிலையில் ஓடத் தொடங்கி, பிரேக் பிடிக்கும்போது பெட்டி ஒரு திசையிலும் ஆக்சில் இன்னொரு திசையிலும் போனால் என்ன ஆகும் என்பதை விவரிக்கத் தேவையில்லை.

இப்போது இரண்டாவது சீட்டு. முன் ஆக்சில் 11,580, டிரக்கின் பின் ஆக்சில்கள் 33,880, டிரெய்லர் 33,220, மொத்தம் அதே 78,680. கைக்கணக்குப்படி 1,600 இறாத்தல் மாறியிருக்க வேண்டும். மாறியது 1,440. ஒரு துளைக்கு 360. ஒருமுறை ஸ்காபரோவில் தேநீர்க்கடையில் ஒரு தம்பி என்னிடம் கேட்டார்: "அண்ணை, ஒரு துளைக்கு 400 எண்டு தெரிஞ்சால், ரெண்டாம் தரம் ஏன் காசு குடுத்து நிறுக்கிறியள்?" அந்த 40 இறாத்தல் வித்தியாசத்துக்காகத்தான். ஒரு துளையில் அது ஒன்றுமில்லை. நான்கு துளையில் 160. எனக்கு எல்லைக்குள் மிச்சமிருந்ததோ 120 இறாத்தல் மட்டுமே. முதலாவது சீட்டை வைத்துக் கணக்குப் போட்டுக்கொண்டு போயிருந்தால், 320 இறாத்தல் இடம் இருப்பதாக நம்பியிருப்பேன்.

நம்பியிருந்தால் அடுத்துச் செய்திருக்கக்கூடிய வேலை, டீசல் நிரப்புவது. டீசல் காலனுக்கு ஏறத்தாழ 7 இறாத்தல் எடை கொண்டது. 90 காலன் நிரப்பினால் 630 இறாத்தலுக்கு மேல் ஏறும். தாங்கிகள் முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சில்களுக்கும் இடையில் இருப்பதால் அந்த எடை இரண்டிலும் பிரிந்து விழும். பெரும்பங்கு பின் ஆக்சில்களில். ஆகவே அன்றைக்கு இன்னும் ஒரு துளை முன்னுக்கு நகர்த்திவிட்டு, டீசலும் நிரப்பிவிட்டு, மூன்றாவது தடவையாக மேடையேறினேன். 11,800, 33,940, 33,580, மொத்தம் 79,320. அந்த ஐந்தாவது துளையை நகர்த்தாமல் டீசல் நிரப்பியிருந்தால் டிரக்கின் பின் ஆக்சில்கள் 34,000ஐத் தாண்டியிருக்கும். மறு எடைக்குக் கொடுத்த இரண்டு சிறு கட்டணங்களும் சேர்ந்துகூட முதல் கட்டணத்தளவுக்கு வரவில்லை. முடிந்தவரை முதலில் டீசல் நிரப்பிவிட்டு, பிறகு எடை பார்ப்பதே அறிவான வரிசை. அன்றைக்கு அதை நான் தலைகீழாகச் செய்தது என் பிழை, மேடையின் பிழையல்ல.

மேடை சொல்லாத விஷயங்களும் உண்டு. அதில் முதன்மையானது, ஆக்சிலை எங்கே வைக்கச் சட்டம் அனுமதிக்கிறது என்பது. கலிபோர்னியாவில் கிங்பின்னிலிருந்து டிரெய்லரின் கடைசி ஆக்சிலின் மையம்வரை 40 அடியைத் தாண்டக் கூடாது. புளோரிடாவில் கிங்பின்னிலிருந்து ஆக்சில் தொகுதியின் மையம்வரை 41 அடி. கனடாவில் மாகாணங்களின் பொது உடன்பாட்டின்படி அந்தத் தூரம் 6.25 மீற்றரிலிருந்து 12.5 மீற்றர் வரை இருக்கலாம். அளக்கும் புள்ளியே இடத்துக்கிடம் மாறுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும்: கலிபோர்னியா கடைசி ஆக்சிலைப் பார்க்கிறது, மற்றவை தொகுதியின் நடுவைப் பார்க்கின்றன. டிரெய்லரின் கதவுப் பக்கம் கனமாக ஏற்றப்பட்டு, ஆக்சிலைப் பின்னுக்குத் தள்ளித்தான் சரிசெய்ய வேண்டும் என்ற நிலையில், எடைச் சீட்டு மூன்று எண்களையும் அழகாகக் காட்டும். ஆனால் ஆக்சில் 42 அடியில் நிற்கும். அப்போது செய்யக்கூடியது ஒன்றுதான்: கிடங்குக்குத் திரும்பி, தட்டுகளை முன்னுக்கு மாற்றச் சொல்வது. அப்படித் திரும்பிய ஓரிடத்தில் ஐந்து மணி நேரம் காத்திருந்தது நினைவிருக்கிறது.

முன்னுக்கு நகர்த்துவதற்கும் ஓர் எல்லை உண்டு. 1975இல் நடுவண் சட்டத்தில் சேர்க்கப்பட்ட பாலச் சூத்திரம், ஆக்சில்கள் நெருங்க நெருங்க அவை சுமக்கக்கூடிய எடையைக் குறைக்கிறது. பாலத்தின் ஒரே இடத்தில் பாரம் குவியக் கூடாது என்பதே காரணம். இரண்டு இரட்டை ஆக்சில் தொகுதிகளும் ஒவ்வொன்றும் 34,000 சுமக்க வேண்டுமானால், டிரக்கின் முதலாவது பின் ஆக்சிலிலிருந்து டிரெய்லரின் கடைசி ஆக்சில்வரை குறைந்தது 36 அடி இருக்க வேண்டும். ஐந்து ஆக்சில் வண்டி முழு 80,000 ஏற்ற, முன் ஆக்சிலிலிருந்து கடைசி ஆக்சில்வரை 51 அடி வேண்டும். 53 அடி டிரெய்லரில் ஆக்சிலைக் கடைசிவரை முன்னுக்குக் கொண்டுவந்தால் இந்த எல்லைகளை அணுகக்கூடும். கூடவே, ஆக்சிலை முன்னுக்குக் கொண்டுவந்த டிரெய்லரின் வால் நீண்டு நிற்பதால், திருப்பத்தில் அது எதிர்ப்பக்கமாக வீசும். அருகில் நிறுத்தியிருக்கும் வண்டியின் மூக்கை உரசிவிட்டுப் பிறகு வருந்துவதைவிட, நகர்த்திய பின் வரும் முதலாவது திருப்பத்தில் கண்ணாடியைப் பார்ப்பது மேல்.

கனடாவில் ஏற்றி அமெரிக்காவுக்குப் போகிறவர்களுக்கு இன்னொரு சிக்கல். மேலே சொன்ன உடன்பாட்டின்படி கனடாவில் இரட்டை ஆக்சில் தொகுதிக்கு 17,000 கிலோ, அதாவது 37,479 இறாத்தல் அனுமதி உண்டு. எல்லைக்கு இந்தப் பக்கம் எந்தப் பிழையுமில்லாத வண்டி, பாலத்தைக் கடந்து இன்டர்ஸ்டேட்டில் ஏறியதும் குற்றவாளியாகிவிடலாம். ஒன்ராறியோவில் ஏற்றும் பாரத்தையும் 34,000 என்ற எண்ணை மனத்தில் வைத்தே எடை பார்க்க வேண்டும்.

எந்த மேடைக்கும் உள்ள குறைகள் இதற்கும் உண்டு. மாலை நேரத்தில், ஏற்றி முடித்த வண்டிகள் எல்லாம் ஒரே சமயத்தில் வந்து சேரும்போது வரிசை நீளும். மறு எடைக்கும் அதே வரிசைதான். மேடை டிரக் ஸ்டாப்பில்தான் இருக்கும் என்பதால், கிடங்கிலிருந்து அங்கே போகும்வரை உள்ள தூரத்தை எடை தெரியாமலே ஓட்ட வேண்டும். அந்த வழியில் மாநில எடை நிலையம் இருக்கிறதா என்பதைப் புறப்படுவதற்கு முன் வரைபடத்தில் பார்த்துக்கொள்வது நல்லது.

இதற்குச் சீட்டுகளே ஓரளவு மருந்து. டிரக்கின் பின் ஆக்சில்களில் பாரத்தைத் தாங்கும் காற்றுப்பை இருந்தால், அவற்றின் அழுத்தத்தைக் காட்டும் மானி பெரும்பாலும் ஓட்டுநருக்கு முன்னாலுள்ள கருவிப் பலகையில் இருக்கும். ஒவ்வொரு தடவையும் மேடையில் நிற்கும்போது அந்த அழுத்தத்தைச் சீட்டின் பின்புறத்தில் எழுதிவைத்தால், பத்துச் சீட்டுகளுக்குள் உங்கள் டிரக்கில் எத்தனை அழுத்தத்துக்கு எத்தனை இறாத்தல் என்ற அட்டவணை கிடைத்துவிடும். அதன் பிறகு கிடங்கின் வாசலில் நின்றபடியே, டிரக்கின் பின் ஆக்சில்கள் எல்லைக்குள் இருக்கின்றனவா என்று ஏறத்தாழச் சொல்லிவிட முடியும். ஒரு துளை, இரண்டு துளை நகர்த்தும் வேலையையும் அங்கேயே முடித்துக்கொண்டு வரலாம். மானி ஒவ்வொரு டிரக்கிலும் வேறுபடும். என் அட்டவணை உங்களுக்கு உதவாது.

செயலியில் சீட்டு எடுத்தாலும் நான் நேரமிருந்தால் உள்ளே போய்க் காகிதச் சீட்டையும் கேட்டு வாங்குவேன். அதனோடு, அலங்கரித்த டிரக்குகளின் படம் அச்சிட்ட ஒரு சிறு அட்டையும் கொடுப்பார்கள். வீட்டில் என் மகளிடம் அவற்றில் ஒரு சப்பாத்துப் பெட்டி நிறைய இருக்கிறது. அந்த ஒஹாயோ இரவில் கிடைத்த மூன்று அட்டைகளில் இரண்டு ஒரே படம்.